மலட்டுத் தொட்டியில் சினை

இரண்டு மீன் இருக்க வேண்டிய கடைசித் தொட்டியில் ஒன்றுதான் நீந்திக்கொண்டிருந்தது. அருள்மொழி குனிந்து பார்த்தாள். அது ஆண். பெண்ணைக் காணோம்.

வில்லியனூரில் ஸ்கேன் எடுத்துவிட்டுப் புருஷன் தமிழ்க்குமரனோடு அப்போதுதான் வண்டியில் வந்து இறங்கியிருந்தாள். குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன சந்தோஷம் தொட்டியடியிலேயே போயிற்று. அந்தப் பெண் மீனுக்கு விடியலில் அவள்தான் ஊசி போட்டாள். மத்தியானத்துக்குள் சினை பழுத்துவிடும், வந்ததும் பிதுக்கி எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். வலை மூடியை யாரோ ஒழுங்காக மடித்து ஓரமாக வைத்திருந்தார்கள். கீரிப்பிள்ளை இவ்வளவு ஒழுங்காக மடிக்காது.

பாகூர் ஏரிக்குக் கீழே, கரும்பை அழித்துவிட்டு அவள் மாமனார் வைத்த மீன்குஞ்சுப் பண்ணை அது. மீன்வளம் படித்த மருமகள் வந்ததும் பொறுப்பு அவள் கைக்கு வந்தது. அவள் படித்த கல்லூரியின் ஆய்வகத்திலிருந்து இந்த ஜோடியும் வந்தது.

பார்க்கச் சாதாக்கெண்டைதான். ஆனால் வயிற்றில் இருந்தது வேறு. இந்தப் பக்கத்து ஏரிகளில் ஒரு காலத்தில் பொன்வரிக் கெண்டை என்று விரல் நீள மீன் இருந்தது. இன்றைக்கு எங்கேயும் இல்லை. கடைசியாக அகப்பட்ட ஆணின் உடம்பிலிருந்து விந்துக்கு மூலமான உயிரணுக்களை எடுத்து உறையவைத்தார்கள். சொந்தமாக இனம் பெருக்க முடியாதபடி செய்த கெண்டைக் குஞ்சுகளுக்குள் அவற்றை ஏற்றினார்கள். ஆண் குஞ்சில் ஏறியது விந்தாகும், பெண் குஞ்சில் ஏறியது முட்டையாகும். இரண்டும் பொன்வரிக் கெண்டையின் வித்து. வயிறு மட்டும் இரவல். எத்தனையோ குஞ்சுகளுக்கு ஏற்றியும் ஒட்டியது இந்த ஒரு ஜோடியில்தான். உறையவைத்திருந்ததும் தீர்ந்துபோயிற்று. இந்தப் பெண் போனால் அந்த இனமே போனது.

இதையெல்லாம் மாமியார் விஜயகுமாரியிடம் சொல்லியிருக்கலாம். "இதுங்களுக்கு மட்டும் இன்னாடி தனித் தொட்டி, ராஜ மரியாதை?" என்று அவள் ஒருநாள் வாய்விட்டே கேட்டாள். ஒருத்தி வித்து இன்னொருத்தி வயிற்றில் என்று ஆரம்பித்தால் பஞ்சாயத்து விடியவிடிய நடக்கும் என்று பயந்து, "அதெல்லாம் மலடு, அத்தை. வுடுங்க" என்று மருமகள் மழுப்பினாள். படித்தவர்களுக்கு இந்தச் சோம்பல் உண்டு. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை எதிராளி தலையில் கட்டிவிடுவார்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஆனி, ஆடியில் சினைமீன் மேல் கத்தி வைக்கமாட்டார்கள். குழம்புக்கு ஆசைப்பட்டால் மலட்டு மீனாகப் பார்த்துப் பிடிப்பார்கள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகும். முந்தின ராத்திரி, "வாயெல்லாம் கசக்குது அத்தை, மீன் குழம்பு இருந்தா நல்லா இருக்கும்" என்று சொன்னதும் இதே அருள்மொழிதான்.

அவள் கொல்லைப்பக்கம் ஓடினாள். அருவாமனை கிடந்தது. பக்கத்தில் சாம்பலில் புரட்டிய மீன், செதிள்கூட எடுக்காமல், வயிறு மட்டும் கிழிந்து கிடந்தது. உள்ளே சினை இல்லை. பண்ணையில் வேலை செய்யும் கலியம்மாள் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள்.

"மலட்டு மீனுன்னுதான் அம்மா அறுத்தாங்க. வவுத்துல பார்த்தா அம்மாம் சினை! அம்மாவுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கிண்ணத்துல வழிச்சிக்கினு வாய்க்காலுக்குப் போறாங்க. கரைச்சி வுட்டுட்டு வராங்களாம்."

"தண்ணி பட்டுச்சா? கழுவினாங்களா?"

"கழுவல. அப்படியேதான் எடுத்துனு போனாங்க."

அருள்மொழிக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் போகவும் பார்த்தது. மீன் செத்தாலும், பழுத்த சினை கொஞ்ச நேரம் தாங்கும். தண்ணீர் படாதவரைக்கும்தான். பட்டுவிட்டால் முட்டையின் துவாரம் மூடிக்கொள்ளும், அப்புறம் எந்த விந்தும் உள்ளே நுழையாது. மாமியாரைக் கூப்பிட்டாள். போன் அடுப்பங்கரையில் அடித்தது.

"ஏங்க, வண்டிய எடுங்க!"

பங்காரு வாய்க்கால் கரையில் தமிழ்க்குமரன் வண்டியை விட்ட விதத்தை டாக்டரம்மா பார்த்திருந்தால் அவனை அங்கேயே அறைந்திருப்பாள். படித்துறையில் விஜயகுமாரி முழங்கால் தண்ணீரில் நின்றாள். இடது கையில் எவர்சில்வர் கிண்ணம், வலது கையில் மஞ்சள்தூள் பொட்டலம். உதடு எதையோ முணுமுணுத்தது.

"அத்தை, போடாதீங்க! தண்ணியில போடாதீங்க!"

விஜயகுமாரி திரும்பினாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. "கிட்ட வராதடி! பாக்காத, கண்ண மூடு! டேய், அவள ஏண்டா இங்க இட்டுனு வந்த?"

"அந்தச் சினை எனக்கு வேணும் அத்தை."

"பாவிடி நானு. புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல சினைமீன அறுத்துட்டேன். இத ஓடற தண்ணியில கரைச்சி மன்னிப்பு கேக்கலன்னா, உன் வவுத்துல இருக்கிறதுக்கு இன்னா ஆவுமோ. நீ போ, நான் பாத்துக்கிறேன்."

"அம்மா, குடும்மா" என்று இறங்கப் போனான் தமிழ்க்குமரன்.

"கிட்ட வந்த, கொட்டிடுவேன்!"

கிண்ணம் சாய்ந்தது. அருள்மொழி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. மாமியார் மேல் கால் பங்கு, தன் மழுப்பல் மேல் முக்கால் பங்கு. குரலை இறக்கி எல்லாவற்றையும் சொன்னாள். இரவல் வயிறு, ஒழிந்துபோன மீன், கடைசி வித்து, ஒன்றையும் விடாமல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கிண்ணத்துக்குள் நேரம் செத்துக்கொண்டிருந்தது.

"தாய்தான் செத்துது அத்தை. இது இன்னும் உசுரோட இருக்கு. நீங்க கரைச்சாதான் சாவும். அப்பதான் அது பாவம்."

விஜயகுமாரி கிண்ணத்தையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மலடுன்னும் நீதானே சொன்ன. இப்ப உசுரு இருக்குங்கற. எத நம்பறது? வவுத்து மேல கைய வெச்சி சொல்லு."

உயிர் இருக்கிறதா என்று அருள்மொழிக்கு எப்படித் தெரியும்? மீனை அறுத்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ, சினை பழுத்ததோ இல்லையோ. சத்தியத்தில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கை எழ மறுத்தது. பொய்யாகிப்போனால்? ஸ்கேனில் பார்த்த அந்தச் சின்ன முதுகு கண்ணுக்குள் வந்து நின்றது.

அவள் வயிற்றின் மேல் கையை வைத்தாள். "உசுரு இருக்கு அத்தை. என் புள்ள மேல சத்தியம்."

விஜயகுமாரி படியேறி வந்து கிண்ணத்தைக் கொடுத்தாள். முந்தானையால் அதை மூடித்தான் கொடுத்தாள், வெயில் படக்கூடாதென்று.

பண்ணையில் தமிழ்க்குமரன் ஆண் மீனைத் துடைத்துப் பிடித்துக்கொண்டான். அருள்மொழி அதன் வயிற்றை வருடி, பால் போல வந்த விந்தைச் சினை மேல் விட்டு, கோழி இறகால் கலக்கினாள். அதற்கப்புறம்தான் தண்ணீர் ஊற்றி, முட்டைகளைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றினாள்.

சாயங்காலத்துக்குள் முட்டைகள் வெளுக்க ஆரம்பித்தன. வெளுத்தது செத்தது. எடுக்க எடுக்க வெளுத்தன. விஜயகுமாரி ஜாடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள், சோறு வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டாள். அருள்மொழி படுத்தாள், தூங்கவில்லை. கை அடிக்கடி வயிற்றுக்குப் போயிற்று. படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் பயமாகத்தான் இருந்தது.

விடிந்ததும் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடி போல மிஞ்சியிருந்தவை கொஞ்சம்தான். ஒன்றுக்குள் ஒரு நூல் சுருண்டு கிடந்தது. அது துடித்தது. பக்கத்தில் இன்னொன்று துடித்தது. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.

"அத்தை... இங்க பாருங்க."

விஜயகுமாரி மூக்கு ஜாடியில் இடிக்கப் பார்த்தாள். அருள்மொழியால்தான் தாங்க முடியவில்லை, உடைந்து அழுதாள்.

"நேத்து எனக்குத் தெரியாது அத்தை. உசுரு இருக்கா இல்லையான்னு தெரியாமத்தான் சத்தியம் பண்ணேன்."

"தெரியும்டி. உன் கை எழ மாட்டாம நின்னத நான் பாக்கலியா?"

"அப்புறம் ஏன் குடுத்தீங்க?"

"தெரியாமயே சொந்தப் புள்ளயப் பணயம் வெச்சியே. பெத்தவ செத்துப்போன இதுங்களுக்கு உன்ன வுட்டா வேற யாரு இருக்கா? அதான் குடுத்தேன்." ஜாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டினாள். "ஒரு சொம்பு தண்ணி குடு. தொண்டை காயுது."