டோக்கியோ பெட்டியின் கண்ணாடி

ஜப்பானில் ஓடி ஓய்ந்த மின்சார ரயில் அது. அந்த ரகத்தையே அங்கே நிறுத்திவிட்டார்கள். மிஞ்சிய ஒரு பெட்டியை எங்கள் முதலாளி கப்பலேற்றி ஷார்ஜாவுக்குக் கொண்டுவந்தார், கடற்கரையில் ஓட்டலாக்க. ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமா!

இன்ஜினியர் சேதுராமன் சார் முதல் நாளே கத்திவிட்டார். "இந்தக் கண்ணாடிய இப்ப யாரும் செய்யறதில்ல. எவனாவது உடைச்சான், விசா கேன்சல், நேரா ஏர்போர்ட்தான்." கோபத்தில் வருகிற பேச்சுதான். நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

ஏசிக்காக ஜன்னல்களை அசையாமல் அடைத்தாயிற்று. எங்கள் பட்டறையிலிருந்து கடற்கரைக்கு லாரியில் ஏற்றுவதற்காகக் கதவுகளுக்கும் வெல்டிங் வைத்தாயிற்று. டிரைவர் அறைக் கதவு மட்டும் பாக்கி. 2006 ஜூலை, வெயிலில் வேலை கூடாதென்று சர்க்கார் விட்ட மத்தியான பிரேக். சார் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அந்தக் கதவைப் பூட்டி, சாவியோடு துபாய்க்குக் கிளம்பிவிட்டார்.

பிரேக் முடிந்ததும் வீரபாண்டியைக் காணோம். தேனிப் பக்கத்துக்காரன், என் ரூம்மேட். தினமும் பெட்டிக்குள் அந்தப் பச்சை மெத்தை சீட்டில்தான் தூங்குவான். ஞாபகம் வந்ததும் ஓடிப்போய்க் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தேன். இரும்பு கையைப் பொசுக்கியது. உள்ளே கதவோரம் சுருண்டு கிடந்தான். தட்டினேன், அசையவில்லை.

சுத்தியலை ஓங்கினேன். ஃபோர்மேன் சித்தீக் பாய் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்பரசா, சாருக்கு ஒரு போன் போட்ருப்பா. நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே ஒரு மனுஷன் வெந்துகொண்டிருந்தான். கடைசியில் எடுத்தார்.

"சார், வீரபாண்டி பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டான். கண்ணாடிய உடைக்கலாமா?"

"அறிவு கெட்டவனே! இதைக் கேக்கவா போன் பண்றே? உடைடா!"

முதல் அடிக்குக் கீறல்தான் விழுந்தது. வெறிபிடித்த மாதிரி அடித்து நொறுக்கினேன். இழுத்து நிழலில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். பாய் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். மூச்சு இருந்தது.

அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். பெரிய ஸ்பேனர். இறுக்கிப் பிடித்திருந்தான். அதால் நாலு போடு போட்டிருந்தால் எப்போதோ வெளியே வந்திருப்பான்.

கண் திறந்தான். பார்வை உடைந்த ஜன்னலுக்குப் போனது. முகம் வெளிறியது. உதடு ஒட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. நான் காதைக் கொண்டுபோனேன்.

"அண்ணே... நான் உடைக்கலண்ணே. சார்ட்ட சொல்லிருங்க."

ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது எனக்கு. அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.