இயந்திரம் தேடாத தெரு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஒட்டுக்கேட்டது. ஆப்பிரிக்காவில், எஸ்வாத்தினி நாட்டின் தென்கோடியில் ஒரு காசநோய் மருத்துவமனை (பெயர் சொல்லமாட்டேன், நாளை நானும் அங்கேதான் போக வேண்டும்). என் இருமலுக்காகக் காத்திருந்தபோது பக்கத்து பெஞ்சில் பெட்சிலே என்ற பெண் இருந்தாள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தாள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பெட்சிலே மாத்திரைகளைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் புதைத்தாள். ஏனென்றால் அவளுக்கு…’

ஏனென்றால் என்ன? காரணம் அகப்படவில்லை. அடித்துவிட்டேன். (அடித்தது தெரியட்டும்.) அங்கிருந்த நர்ஸ் நம்பியதும் இதைத்தான்: இந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்கிறது சளியைச் சோதித்த இயந்திரம், இவளுக்கோ குணமாகவில்லை, ஆகவே இவள் விழுங்கவில்லை.

2

ஒரு கட்டுரைப் பத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் பொய் சொல்வதில்லை. கிருமியின் மரபணுவில், மருந்தை எதிர்க்கும் மாற்றங்கள் வழக்கமாக வரும் சிறு பகுதியை மட்டும் அது பார்க்கும். மாற்றம் அதற்குச் சற்று வெளியே நடந்திருந்தால் கண்ணில் படாது. ஒரே தெருவில் தேடிவிட்டு ஊரில் திருடனே இல்லை என்பது போலத்தான். என் கோபம் அதன்மேல் இல்லை. அதைக் காட்டி ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்றவர்கள்மேல்தான்.

3

அவள் விழுங்குவதைத் தினமும் பார்க்க நியமிக்கப்பட்டவள் நாத்தனார் லோமாகோசி. இருவருக்கும் ஆகாது. வில்லி கிடைத்துவிட்டாள் என்று பேனாவைத் தீட்டினேன். அவள் என் கதையைக் கெடுத்துவிட்டாள்.

“உண்மையச் சொல்லும்மா. இவ மாத்திரையத் துப்புறாதானே?” என்றார் நர்ஸ்.

“இவள எனக்குப் புடிக்காது சிஸ்டர். எங்கண்ணன் வேற ஆளே கெடைக்காமக் கட்டிக்கிட்டு வந்தான். துப்பியிருந்தா மொத ஆளா நானே வந்து சொல்லியிருப்பேன். தெனமும் சோளக்கஞ்சியோட மாத்திரையக் குடுத்து, வாயத் தொறக்கச் சொல்லி, நாக்கத் தூக்கச் சொல்லிப் பாக்குறேன். இவளுக்கு எத்தன பல்லு சொத்தைன்னுகூடத் தெரியும்.”

“ரெண்டு,” என்றாள் பெட்சிலே, இருமலுக்கு நடுவில்.

“மூணு.”

“மெஷின் மறுபடியும் அதையேதாம்மா சொல்லுது.”

“மெஷின் இவ வாயப் பாத்துச்சா? சளியப் பெரிய லேபுக்கு அனுப்புங்க. கிருமிய மருந்துக்குள்ளயே வளத்துப் பாக்கட்டும், சாகுதா பொழைக்குதான்னு. அனுப்புற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம்.”

4

முடிவு ஒன்று: லேபிலிருந்து பதில் வருமுன் பெட்சிலே இறந்து… இல்லை. நியாயத்தை நிரூபிக்க ஒரு பெண்ணைச் சாகடிக்கமாட்டேன். முடிவு இரண்டு: நர்ஸ் மன்னிப்புக் கேட்டு… அவர் கேட்கவில்லை, நான் ஏன் கேட்க வைக்க வேண்டும்?

இதை எழுதும்வரை இருவரும் அந்த பெஞ்சில்தான் இருக்கிறார்கள். சளி இன்னும் லேபுக்குப் போகவில்லை. நீங்களும் இயந்திரத்தைத்தான் நம்புகிறீர்கள் என்றால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குமுன் நேரில் போய், பெட்சிலேயின் முகத்தைப் பார்த்து, “நீ விழுங்கவில்லை” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பக்கத்தில் லோமாகோசி உட்கார்ந்திருக்கிறாள்.