சுண்ணாம்புப் பிள்ளைகள்

1998 வைகாசியில் மலைமேல் தேவனூர் நாட்டில் பிறந்த பதினொரு குழந்தைகளும் மூத்திரத்தைச் சுண்ணாம்பாகப் பெய்தன. அந்த மாதம் மரவள்ளி விலை இறங்கியிருந்ததால் ஊர் முதலில் அதைப் பற்றித்தான் பேசியது. பிறகுதான் தூளித் துணிகள் காய்ந்து, பலகைபோலத் தாமாக நிற்பதைக் கவனித்தார்கள். கிழவர்கள் துணியைச் சுரண்டி வெற்றிலையில் தடவி மென்றார்கள். நாக்கு பொத்துப்போகவில்லை என்று சிரித்தார்கள். பல்லிடுக்கெல்லாம் பச்சைக் குழந்தையின் மூத்திரம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஆடித் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயில் சுவரில் இதையே பூசலாம், பிறப்புத் தீட்டு சுண்ணாம்பில் நிற்காது என்று பூசாரி சின்னுசாமி சொன்னார். பாலைக் குறைத்தால் கெட்டியாக விழும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அதன்பின் குழந்தைகளுக்கு ஒருவேளைப் பால்தான்.

கண்ணாயியின் மகள் பானுமதி ஒவ்வொரு முறை பெய்யும்போதும் நீலம் பாரித்து அலறினாள். கண்ணாயி அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மலையடிவாரத்துக் காரவள்ளி வரை வளைவுக்கு வளைவு வாந்தி. சேலத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டர், இரண்டு சிறுநீரகங்களிலும் கால்சியம் படிந்திருப்பதாகச் சொன்னார். நிறையப் பால் கொடுத்தால் கரைய வழியுண்டு. குறைத்தால் பிள்ளை தங்காது. ஊருக்குத் திரும்பிய கண்ணாயி, அழும்போதெல்லாம் பால் கொடுத்தாள். மாமனார் அப்பாசாமி கோயிலுக்குச் சுண்ணாம்பு சேர்க்கும் சட்டியோடு வந்து நின்றார்.

"ஏம்புள்ள, ஊருல எல்லாத்தூட்டுலயும் தயிராட்டம் உழுகுது. நம்மூட்டுல மட்டும் மோராட்டம் ஓடுது?"

"பத்தலீன்னா நீங்களே பேஞ்சு பூசிக்குங்க மாமா."

"சாமி காரியம்டி!"

"எம்புள்ள மூத்திரத்த மென்ன வாயில சாமின்னு சொல்லாதீங்க."

அப்பாசாமி எறிந்த சட்டி சுவரில் உடைந்தது. கண்ணாயியைத் திருவிழாவுக்குச் சேர்க்கவில்லை. கோயில் வெளுத்தது; சுவரெங்கும் ஈ மொய்த்தது, ஈயோடு சேர்த்தே கும்பிட்டார்கள். தைக்குள் நான்கு குழந்தைகள் செத்தன. ஒவ்வொன்றும் உரல் கனம் கனத்ததால் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. புதைத்துவிட்டு வந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

2003இல் பானுமதி பள்ளியில் சேர்ந்தாள். மிஞ்சிய மற்ற ஆறு பிள்ளைகளும் அப்போதும் வெள்ளையாகத்தான் பெய்தார்கள். பள்ளிச் சுவருக்குப் பூசக் கடையில் சுண்ணாம்பு வாங்குவதை வாத்தியார் நிறுத்திவிட்டார். பானுமதி மட்டும் மஞ்சளாக, நாற்றமாகப் பெய்தாள். இதென்ன அசிங்கம் என்று ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டது. கண்ணாயி தினமும் காலையில் பக்கத்தில் நின்று, அது மண்ணில் முழுக்க இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குப் போனாள்.