வளைவில் நின்ற செம்பி

பள்ளத்தாக்கின் அடியில் வெயில். மேலே பைன் மரங்களுக்குள் இன்னும் மூடுபனி. நேற்றைய மழையில் நனைந்த குதிரைகளின் முதுகில் ஆவி எழுகிறது.

அழகான காலை என்கிறார்கள், சுற்றிப் பார்க்க வந்தவர்கள். இருக்கலாம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் போய் ஒரு மாதம். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். எல்லோரும் அழுதார்கள். நான் அவர்களுக்குக் காப்பி போட்டேன். கல்நெஞ்சக்காரி என்றாள் நாத்தனார். கல்லுக்காவது வெயிலில் சூடு ஏறும்.

செம்பி அவர் ஓட்டிய குதிரை. குதிரை நிறுத்தத்தில் ஆளுக்கொரு முறை உண்டு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் சவாரி. ஆள் போய்விட்டால் முறையும் போய்விடும். கூப்பிடுகிறவர் காசிம் பாய்.

"ஒரே ஒரு சவாரி போயிட்டு வாம்மா பிரகாசி. செம்பி உன் பேச்சக் கேட்டு ஒழுங்காத் திரும்புனா முறை உனக்கு. இல்லேன்னா வித்துரு" என்றார்.

வாங்குகிறவர் வண்டியோடு வந்திருந்தார். வத்தலக்குண்டில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். செம்பியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வளர்த்த உயிர் அது ஒன்றுதான் மிச்சம். அதையும் ஏற்றிவிட்டால் வீட்டில் நானும் சுவரும்தான்.

விருதுநகர் அம்மா ஒருவர் ஏறினார். நான் கயிற்றைப் பிடித்தேன்.

பைன் காடு. ஓடை. பேரிக்காய்த் தோட்டம். மறுபடி பைன் காடு. "இந்தப் பக்கம் பாருங்கம்மா, அருவி" என்று என் வாய் சொன்னது. நான் பார்க்கவில்லை.

பள்ளத்தாக்கு வளைவில் செம்பி நின்றது. கீழிருந்து பனி ஏறி வந்தது. பாதையின் ஓரம் தெரியவில்லை. இழுத்தேன். தட்டினேன். வெல்லம் நீட்டினேன். நாலு காலும் நட்டு வைத்ததுபோல் நின்றது.

"பயமா இருக்கும்மா. இறக்கி விட்டுருங்க, நான் நடந்தே வந்துர்றேன்."

அவர் நடந்து திரும்பினால் எல்லாம் முடிந்தது.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். அந்த வளைவுல மட்டும் மிரளும் கழுத, காதுல என் பேரச் சொல்லி, 'இருக்கேன், நட'ன்னாத்தான் நடக்கும்.

"இருக்கேன், நட" என்றேன். காது அசையவில்லை.

"பிரகாசி இருக்கேன், நட."

அதற்கு யார் பிரகாசி?

தாலி கட்டிய நாளிலிருந்து நான் அவர் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வேன். கல்லறைச் சிலுவையில் எழுதக் கேட்டபோதும் நாத்தனாரைக் கைகாட்டினேன்.

பனி இன்னும் ஏறியது. செம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். சூடாக இருந்தது. காதுக்குள் வாயை வைத்தேன். நாக்கு புரளவில்லை. பிறகு புரண்டது.

"சவரி இருக்கேன். நட."

காது திரும்பியது. ஒரு கால் எடுத்து வைத்தது. பிறகு இன்னொன்று.

"யாரும்மா சவரி?" மேலிருந்து அந்த அம்மா கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு" என்றேன்.

நிறுத்தத்தில் வண்டிக்காரர் செம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

"முறை உனக்குத்தாம்மா. இனிமே பிரகாசின்னே கூப்பிடுறேன்" என்றார் காசிம் பாய்.

"வேணாம் பாய். அவுக பேரச் சொல்லியே கூப்பிடுங்க."

அவர் தலையாட்டினார்.

மதியம் சரிவெல்லாம் வெயில் வந்துவிட்டது. எங்கள் முறை வந்தது. காசிம் பாய் எழுந்து நின்று, எப்போதும் கூப்பிடுகிற குரலில் உரக்கக் கூப்பிட்டார்.

"சவரீ..."

எல்லோரும் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். டீ குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு எப்போதும்போல் என் வீட்டுக்காரர் வருவார் என்று பார்த்தேன்.

வரவில்லை.

கயிற்றை எடுத்துக்கொண்டு நான் போனேன்.