சிவப்பு வட்டம்

கணவனின் சலூனில், கண்ணாடிக்கு மேலே அந்தப் படம் ஒரு வாரமாகத் தொங்கியது. வீட்டின் கொல்லைப்புறத்துத் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி அவள் எடுத்த கேலக்ஸி. அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. பழைய படங்களில் அது இல்லை. நட்சத்திரம் ஏதாவது வெடித்திருக்கலாம் என்று அவள் வாய்தவறிச் சொன்னதுதான் தாமதம், கணவன் படத்துக்குச் சட்டம் போட்டு, சட்டத்தின் கண்ணாடியில் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமும் போட்டுவிட்டான். நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு தலைக்கும் கதை சொன்னான். தபால்காரர் அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"உறுதி பண்ணாம சொல்லாதீங்கன்னேன்ல."

"இப்படி ஒரு சேதிய வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு முடி வெட்ட முடியுமா?"

மேகம் விலகிய முதல் மாலை, இருட்டியதும், தொலைநோக்கியைத் துளி நகர்த்தி மறுபடி படம் எடுத்தாள். திரையில் கேலக்ஸி இடம் மாறியிருந்தது. புள்ளி மாறவில்லை.

"இது வானத்துல இல்லைங்க. நம்ம கேமராவுல இருக்கு."

பக்கத்தில் நின்ற கணவன் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்தான்.

"இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கடை திறப்பேன்?" சற்றுப் பொறுத்து, "மங்கிப்போச்சுன்னு சொல்லிடுவோம். வெடிச்சது மங்கிடும்னு நீதானே சொன்ன."

"மங்கமாட்டேங்குதே. அதானே பிரச்சனை."

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

யாரும் சோதிக்கப்போவதில்லை. பொய் அவ்வளவு வசதியாக இருந்தது. ஆனால் நாளைக்கு நிஜமாகவே ஏதாவது தெரிந்தால் யார் நம்புவது? முதலில் அவளே நம்ப வேண்டுமே.

காலையில் சலூனுக்குப் போனாள். நாற்காலியில் தபால்காரர், கழுத்துவரை துணி.

"வாங்க, நட்சத்திரக்காரம்மா."

"அது நட்சத்திரம் இல்லைங்க. கேமரா கோளாறு."

கத்தரி நின்றது.

"அப்ப படமே பொய்யா?"

"புள்ளி மட்டும்தான். மத்ததெல்லாம் நிஜம்."

"மத்ததுன்னா?"

"புகை மாதிரி சுத்தியிருக்கே, அது. அது முழுக்க நட்சத்திரம்தான்."

"நம்ம ஆளு அதச் சொல்லவே இல்லையே."

கணவன் கத்தரியை வைத்தான். ஈரத்துணியை எடுத்து, எக்கி நின்று, வட்டத்தைத் துடைத்தான். மை லேசில் போகவில்லை, அழுத்தித் துடைத்தான். படத்தை இறக்கவில்லை.

தபால்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆடாம உட்காருங்க," என்றான். "அது எங்கயும் போயிடாது."