நாலு இதழ் வைபர்னம்

ஸ்கந்தராஜா சார் பரீட்சை வைக்கிறார் என்றால் அது எனக்குத்தான் பரீட்சை. எழுதப்போவது மாணவர்கள், ஓடி ஓடிச் சாவது நான். மலேசியாவில், ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரி, அதில் தோட்டக்கலைப் பிரிவுக்குப் பதினெட்டு வருஷமாக ஆய்வுக்கூட உதவியாளன். பெயர் கனகராஜ். வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதனால்தான் என் மானம் போனது.

இந்தத் தடவை ஹனிசக்கிள், வைபர்னம், அவற்றின் உறவுக்காரச் செடிகள். இலை கிடையாது, பூவை மட்டும் பார்த்து இன்ன செடி என்று எழுத வேண்டும். எட்டுக் குவளைகள். ஹனிசக்கிளுக்குப் பக்கத்திலேயே ரங்கூன் மல்லியை வைக்கச் சொன்னார் சார். இரண்டுக்கும் நீளக் குழல், இரண்டுக்கும் வாசனை, இரண்டும் வெள்ளையாக மலர்ந்து நிறம் மாறும். அவசரக்குடுக்கை ஏமாந்துவிடுவான். நிதானமாகப் பார்த்தால் தெரியும்: ஹனிசக்கிள் ஜோடி ஜோடியாகப் பூக்கும், மேலுதடு கீழுதடு என்று வாயைப் பிளந்திருக்கும், மறுநாள் மஞ்சளாகும். ரங்கூன் மல்லிக்கு உதடெல்லாம் இல்லை. அஞ்சு இதழும் சமமாக விரிந்து சிவந்துபோகும்.

"இது காணாது கனகராஜ்," என்றார் சார் தன் யாழ்ப்பாணத் தமிழில், மீசைக்குள் சிரித்துக்கொண்டு. "எட்டாவது குவளையில ஒரு பொய்ப் பூ வைக்கவேணும்."

கேமரன் மலையிலிருந்து வந்த வைபர்னம் கொத்தை நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஹைட்ராஞ்சியாவின் பெரிய வெள்ளைப் பூக்களைச் சேர்க்க வேண்டுமாம். நடுவில் பொடிப் பூ, ஓரத்தில் பெரிய பூ என்று ஒரு வைபர்னம் நிஜமாகவே உண்டு, புத்தகத்தில் படம் இருக்கிறது.

"படத்தைப் பாடமாக்கினவை எல்லாம் வைபர்னம் எண்டு எழுதுவினம். எண்ணிப் பார்க்கிற பிள்ளை பிடிச்சிடும். ஒருத்தருக்கும் மூச்சு விடாதேயும்."

பசை போட்டேன். பூ பழுப்பாகிச் செத்தது. வேறு வழியில்லாமல் சாயங்காலம் புந்தோங் பாசாரில், சந்தையில்தான், பூக்கடை கலாதேவி அக்காவிடம் போய் இரண்டு பூவையும் நீட்டி, ஒன்றாகக் கட்டித் தரச் சொன்னேன்.

"என்னத்துக்கு தம்பி இது?"

"கொண்டையில வைக்கக்கா. கல்யாணத்துக்கு."

"யாருக்குக் கல்யாணம்?"

இந்த வாய் சும்மா இருந்ததா? "எனக்குத்தான்," என்று சொல்லித் தொலைத்தது. அக்காவுக்கு முகமெல்லாம் பல். வாழைநாரை நனைத்து ஐந்தே நிமிஷத்தில் கட்டிக் கொடுத்தார். முடிச்சு இருக்கும் இடமே தெரியவில்லை.

மறுநாள் பரீட்சைக்கு முன்னால் தினேஸ்வரி என்னிடம் வந்தாள். இந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டவள். கேமரன் மலையில் ஒரு நாற்றுப்பண்ணையில் அவளுக்கு வேலை காத்திருந்தது.

"இதுலயும் போச்சுன்னா காலேஜ விட்டே அனுப்பிடுவாங்கண்ணே. வேலையும் போயிரும்லா. பயமா இருக்கு."

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எட்டாவது குவளை முன்னால் அவள் பூதக்கண்ணாடியோடு வெகுநேரம் நின்றாள். முதலில் முகம் சுருங்கியது, பிறகு விரலால் எண்ணினாள், எழுதினாள். மறுபடி குனிந்து பார்த்துவிட்டு என்னை நோக்கி ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

இருபத்திரண்டு பேர் 'வைபர்னம்' என்று எழுதியிருந்தார்கள். சாருக்குக் குதூகலம் தாங்கவில்லை. கடைசியாகத் தினேஸ்வரியின் தாள். மலாயில் கச்சிதமாக எழுதியிருந்தாள்: ஓரத்துப் பூவுக்கு நாலு இதழ், அது ஹைட்ராஞ்சியா. நடுப் பூவுக்கு ஐந்து மடல், ஐந்து மகரந்தத்தாள், அது வைபர்னம். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி. இங்கிலீஷில் படித்த சார் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

"கட்... டி... ய... வர்... க... லா... தே... வி. புந்... தோங்... பாசார். ஆர் இது?"

பூக்கடை அக்காவிடம் கட்டி வாங்கிய உண்மையைச் சொன்னேன். தினேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"எங்கம்மா சார்," என்றாள்.

அலாமாக்! அது எனக்குத் தெரியாதே!

"அப்ப தாய் சொல்லித்தான் எழுதியிருக்கிறாய். சைபர்!"

"இல்ல சார்! எண்ணிப் பாத்து எழுதினேன். அப்புறந்தான் நாரு கண்ணுல பட்டிச்சு. முடிச்சு எதிர்ப்பக்கமாச் சுத்தியிருந்திச்சு. அம்மாவுக்கு இடது கை சார்."

அவள் கண் நிறைந்துவிட்டது. என் முட்டாள்தனத்தால் ஒரு பிள்ளையின் பிழைப்பு போகிறதே! "அவங்களையே கேளுங்க சார்," என்று போனில் அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"அம்மா, நேற்று ஒரு பூக் கட்டினீங்களே, அது என்னத்துக்கு?" என்றார் சார்.

"கொண்டைக்கு சார்! நம்ப கனகராஜ் தம்பிக்குக் கல்யாணம்லா, தெரியாதா? பாசார் பூராச் சொல்லிட்டேன். மீன்கடை இராமசாமி அண்ணே குடும்பத்தோட வராரு!"

சார் மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் கூரை விசிறியைப் பார்த்தேன்.

"மகளிட்டச் சொன்னீங்களோ?"

"அதுக்கு மட்டும் சொல்லல சார். பரீட்சைன்னு புஸ்தகமும் கையுமா இருந்திச்சு. கல்யாணக் கதயச் சொன்னா படிப்பு கெட்டுப்போயிரும்னு வாயக் கட்டிக்கிட்டேன். ஏன் சார், பொண்ணுக்குப் பூ பிடிக்கலயா?"

சார் சிவப்புப் பேனாவை எடுத்தார். சைபரை அடித்துவிட்டு முழு மார்க் போட்டார். தினேஸ்வரி முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

"யாரு அழுவுறது? தினேசா? பெயிலா?"

"பாஸும்மா..."

 போனில் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் கண் கலங்கியது. அத்தோடு போனை வைத்திருக்கலாம்.

"சரி தம்பி, பொண்ணு பேரச் சொல்லுங்க. இங்க எல்லாரும் கேக்குறாங்க."

"சொல்லும் மாப்பிள்ளை," என்றார் சார், கையைக் கட்டிக்கொண்டு.

"பொண்ணு இல்லக்கா," என்றேன். "அது பரீட்சைக்குக் கட்டுன பொய்ப் பூ."

"ஐயையோ! இராமசாமி அண்ணே புதுச் சட்டையே எடுத்துட்டாரே!" அக்கா ஒரு நொடி யோசித்தார். "பரவால்ல. ஊருக்கெல்லாம் சொன்னது நானு. நானே ஒரு பொண்ணு பாத்துத் தரேன்."

தினேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தாள்.

"சீக்கிரம் பாரும்மா. இந்தத் தடவ நெசப் பூவாக் கட்டு, நான் எண்ணிப் பாப்பேன்."