உரிமையாளரின் சம்மதம்

ரபேல் அங்கிளிடம் சுகுமாறன் அதற்கு முன் எதையும் இரவல் கேட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் எதிரெதிர் வீடு. பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பலகாரத் தட்டு போகும், வரும். அவ்வளவுதான் பழக்கம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரபேல், காடி என்று எல்லாரும் சொல்லும் தன் வெள்ளைக் காரை யாருக்கும் தரமாட்டார் என்பது அந்த புளோக் முழுக்கத் தெரிந்த விஷயம். கூடப் பிறந்த தம்பி கல்யாணக் காரியத்துக்குக் கேட்டபோதே முடியாது என்று சொன்னவர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து அடைமழை. ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த சுகுமாறனின் மனைவி விஷ்ணுப்ரியா குளியலறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கைலியெல்லாம் ரத்தம். சுகுமாறன் போனில் கூப்பிட்ட வாடகைக் காடிகள் வருவதாகக் காட்டிவிட்டுக் காணாமல் போயின. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், ரோட்டில் வெள்ளம், தாமதமாகும் என்றார்கள். அவனிடம் இருந்தது மோட்டார் சைக்கிள் மட்டும்.

எதிர்க் கதவைத் தட்டினான்.

"அங்கிள், விஷ்ணுவுக்கு ரத்தம் போவுது. ஒரு வண்டியும் வரல."

ரபேல் ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தார். சுவரில் தொங்கிய சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய துண்டோடு வந்தார்.

"பின் சீட்டுல விரிச்சுப் படுக்க வை. லைசன்ஸ் இருக்குதானே?"

"இருக்கு அங்கிள்."

"அப்ப ஏன் நிக்கிற? போ லா. முடிஞ்சதும் கொண்டாந்து வுட்டுடு."

அதை வேறு யாரும் பார்க்கவில்லை. ரபேலின் மனைவி கெர்ட்ரூட் காலையிலேயே கமியூட்டர் ரயிலேறிக் கிள்ளானில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். விஷ்ணுப்ரியா லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையளவு கிடந்தது. இருவருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சுகுமாறனுக்குக் காடி நினைவு வந்தது. அங்கிள் காத்திருப்பார். காடியைக் கொடுத்துவிட்டு, விஷ்ணுவுக்குத் துணிமணி எடுத்துக்கொண்டு மோட்டாரில் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டான்.

மழை விடவில்லை. வழியில் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் இறக்க வேண்டாம் என்று வலப்பக்கம் ஒடித்தான். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அவன் கண்ணில் படவில்லை. சத்தம்தான் கேட்டது.

ரோட்டில் கிடந்தவன் பெயர் கிஷன். மேரு என்ற ஊரில் ஒரு பலகைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞன். வலது கால் மோட்டாருக்கு அடியில் நசுங்கியிருந்தது. சுகுமாறன் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். ரோட்டோரத்தில் உட்கார்ந்தபடியே ரபேலுக்குப் போன் செய்தான்.

"அங்கிள், காடி மோதிடுச்சி. ஒரு பையன் அடிபட்டுக் கெடக்கிறான். அவன் காலு... அங்கிள், என்னை மன்னிச்சிடுங்க அங்கிள்."

பதில் வரவில்லை. ஏதோ விழுவது போல ஒரு சத்தம். லைன் அறுந்துவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான்.

மாலையில் வீடு திரும்பிய கெர்ட்ரூட், புருஷன் சமையலறைத் தரையில் கிடப்பதைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த போனில் கடைசியாக அழைத்தது சுகுமாறன் என்று இருந்தது. மூளையில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

மறுநாள் போலீஸ் விசாரித்தபோது கெர்ட்ரூட் யோசிக்கவே இல்லை. "என் வீட்டுக்காரர் காடிய யாருக்கும் குடுக்க மாட்டார். அந்தப் பையன் கேக்காமத்தான் எடுத்திருக்கணும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பினார். சுகுமாறன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது, "நீ செஞ்ச போன்லதான் அவரு விழுந்தாரு. என் கண்ணு முன்னால வராதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விசாரிக்கும் யுகேந்திரன் சுகுமாறன் வீட்டுக்கு வந்தார். தன்மையான ஆள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, குழந்தையை எப்போது வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று கேட்ட பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"லைசன்ஸ் இருக்கிற ஆளு, உரிமையாளர் சம்மதத்தோட ஓட்டியிருந்தா, இன்சூரன்ஸ் நிக்கும் பிரதர். பாலிசியில உங்க பேரு இல்ல, அதனால ஒரு சின்னத் தொகை கையிலேர்ந்து கட்டணும். அது பெரிய விஷயம் இல்ல. ஆனா சம்மதம் இல்லாம எடுத்திருந்தா கம்பெனி உங்க பக்கம் நிக்காது."

"அவரே சாவியக் கையில குடுத்தாருண்ணே."

"போலீஸ் ரிப்போர்ட்ல அந்த ஆன்டி வேற மாதிரி சொல்லியிருக்காங்களே."

"என் மோட்டாருக்கு நான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கேன். அது உதவாதா?"

"அது அந்த மோட்டாருக்கு உள்ளது. இந்தக் காடிக்கு வராது." யுகேந்திரன் எழுந்துகொண்டார். "அங்கிள் வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

போலீஸ் காடியை விடுவித்த அன்று, உள்ளே இருக்கும் சாமான்களை எடுக்கக் கெர்ட்ரூட் தனியாகப் போனார். வலப்பக்கம் நொறுங்கிப்போயிருந்தது. பின் சீட்டில் ஒரு துண்டு, காய்ந்த ரத்தத்தோடு விறைத்துக் கிடந்தது. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. அவர்களுடைய வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்குத் தங்கச்சி கொடுத்த துண்டு. படுக்கையறை அலமாரியின் மேல் தட்டில், ஒருநாளும் பயன்படுத்தாமல் மடித்து வைத்திருந்தது. சுகுமாறன் அவர்கள் வீட்டுக் கூடத்தைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை.

அன்றே எதிர்க் கதவைத் தட்டினார். சுகுமாறன் திறந்தான்.

"இந்தத் துண்ட யாரு குடுத்தா?"

அவன் சொன்னான். சாவியைக் கையில் வைத்தது, உள்ளே போய்த் துண்டு எடுத்து வந்தது, "அப்ப ஏன் நிக்கிற?" என்று கேட்டது, எல்லாம். கெர்ட்ரூட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். புருஷன் அவசரத்தில் பேசும் பேச்சு அதுதான். நாற்பது வருஷமாகக் கேட்ட பேச்சு.

"நான் என்னா செஞ்சி வச்சிருக்கேன்" என்றார். விஷ்ணுப்ரியா பிள்ளையை மார்போடு அணைத்தபடி கதவோரம் நின்றாள்.

மறுநாளே கெர்ட்ரூட் போலீசில் போய்த் தன் வாக்குமூலத்தை மாற்ற வேண்டும் என்றார். எழுதிக்கொண்டார்கள். யுகேந்திரனையும் சுகுமாறனையும் வீட்டுக்கு வரச் சொன்னார்.

"ஆன்டி, அவரு சாவி குடுத்ததை நீங்க பாக்கலதானே?"

"பாக்கல. ஆனா இந்தத் துண்டு..."

"துண்டு குடுத்தாரா, இவரே எடுத்தாரான்னு கேப்பாங்க ஆன்டி. மொதல்ல ஒண்ணு சொல்லி, இப்ப வேற சொன்னா ரெண்டையும் நம்ப மாட்டாங்க. அங்கிளையே கேட்டுப் பாக்கலாம். டாக்டர் அவருக்குப் புரியுதுன்னு எழுதியிருக்காரு."

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சக்கர நாற்காலியில் இருந்த புருஷனைக் கெர்ட்ரூட் திரும்பிப் பார்த்தார். ரபேலிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். பசிக்கிறதா என்றாலும் அதுதான். வலிக்கிறதா என்றாலும் அதுதான். இன்றைக்கு என்ன கிழமை என்றாலும் அதுதான்.

"தம்பி, அவரால இப்ப..."

"ஒரு தடவ கேட்டுப் பாத்துடுவோம் ஆன்டி. நான் கேக்கலன்னா நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

சக்கர நாற்காலியைச் சன்னலோரம் திருப்பி, யுகேந்திரன் குனிந்து மெதுவாகக் கேட்டார். "அங்கிள், அன்னிக்கு உங்க காடிய சுகுமாறனுக்கு நீங்கதான் குடுத்தீங்களா?"

ரபேலின் கண்கள் விரிந்தன. எதிரே நின்ற சுகுமாறனைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு நடுங்கியது. எதையோ தேடுவது போல முகமெல்லாம் இழுத்தது.

"இல்ல" என்றார்.

அது தான் சொல்ல நினைத்தது இல்லை என்று அவருக்கே தெரிந்தது. இடது கையால் நாற்காலியை அடித்தார். "இல்ல! இல்ல!" கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"தலைய ஆட்டுங்க, போதும்" என்று கெர்ட்ரூட் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவர் தலை இரண்டு பக்கமும் ஆடியது.

யுகேந்திரன் பேனாவை மூடினார். "நான் பாத்ததை அப்படியே எழுதுறேன் ஆன்டி. அவரால பேச முடியலன்னும் எழுதுறேன். ஆனா மேல இருக்கிறவங்க சம்மதம் இருந்துச்சான்னுதான் கேப்பாங்க. அதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

கம்பெனி கைவிரித்துவிட்டது. கோர்ட்டுக்குப் போகலாம், வேறு வழியிலும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் வருஷக்கணக்கில் ஆகும், முடிவு எப்படி வரும் என்று சொல்ல முடியாது என்றார் வக்கீல். விபத்து கேஸ் சுகுமாறன் பெயரில் தனியாக நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அவன் கிஷனைப் பார்க்க மேருவுக்குப் போனான். கடைவீட்டுக்கு மேலே ஒரு வாடகை அறை. கிஷன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முட்டிக்குக் கீழே காற்சட்டை மடித்துக் குத்தப்பட்டிருந்தது. அவன் சத்தம் போடவில்லை.

"அண்ணே, இன்சூரன்ஸ்ல வந்துடும், செயற்கைக் கால் போட்டுக்கலாம்னு சொன்னாங்க. இப்ப அது நிக்காதுன்னு சொல்றாங்க. காடிக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சிதானே?"

"இருந்துச்சி தம்பி."

"உங்களுக்கு லைசன்ஸும் இருந்துச்சி."

"ம்."

"அப்புறம் ஏண்ணே?"

சுகுமாறன் சாவியைப் பற்றிச் சொன்னான், துண்டைப் பற்றிச் சொன்னான், ரபேல் அங்கிளைப் பற்றிச் சொன்னான். சொல்லச் சொல்ல, அது தன் காதுக்கே ஜோடித்த கதை மாதிரிக் கேட்டது. கிஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அம்மா பாசாருக்குக் காய் வாங்கப் போயிருக்காங்க. வர்றதுக்குள்ள போயிடுங்கண்ணே. உங்களப் பாத்தா அவங்க தாங்க மாட்டாங்க."

சுகுமாறன் வாங்கி வந்த பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அதைக் கதவருகே தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.